ரசம் வைக்கச் சொல்லலாம், ரோட்டுப் பள்ளத்தைச் சொல்லக் கூடாது!

கல்லூரி வானொலியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. படிப்பு முடித்துப் பத்து வருஷம் கழித்துச் சந்தித்தாலும் ஐந்தாவது நிமிஷம் ஸ்டுடியோ கதை ஆரம்பமாகிவிடும். ஸ்பாஞ்ச் ஒட்டிய சுவர், பல் கிட்டிக்கும் ஏசி குளிர், சிவப்பு விளக்கு எரிந்ததும் வறண்டுபோன தொண்டை. மைக்கை அணைக்க மறந்துவிட்டு சீனியர் திட்டியது ஊருக்கே கேட்ட கதை. தினமும் அதே நேரத்துக்குப் போன் செய்து "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்ட பாட்டி. பேச வரவேண்டிய பல் டாக்டர் வராமல் போனதால் இருபது நிமிஷம் எலுமிச்சம்பழத்தின் நன்மைகளைப் பற்றியே பேசிச் சமாளித்த வீரசாகசம்.

கேட்க ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மலரும் நினைவுகளைக் கொஞ்சம் கூர்ந்து கவனித்தால் ஒரு விஷயம் இடிக்கும். அதில் ஸ்டுடியோ இருக்கிறது, ஊர் இல்லை.

ஒரு தாலுகாவில் பத்திரிகை நிருபராக இருந்தவரைப் பேசச் சொல்லிப் பாருங்கள். ஆத்துல வெள்ளம் வந்த ராத்திரி, சாயப்பட்டறைக் கழிவுக்காக நடந்த மறியல், பஸ் ஸ்டாண்டு டெண்டரில் நடந்த கூத்து என்று அந்த ஊரின் பத்து வருஷ சரித்திரமே வரும். அதே ஊருக்காக மூன்று வருஷம் தினமும் மைக் முன்னால் உட்கார்ந்து பேசியவரிடம் கேட்டால் எலுமிச்சம்பழம்தான் வருகிறது. அந்த மூன்று வருஷத்தில் அந்த ஊரில் எதுவுமே நடக்கவில்லையா? நடந்தது. அவர்கள் மக்குகளா? இல்லை. நடந்ததைச் சொல்லக் கூடாது என்பது இந்திய அரசின் விதி. அவ்வளவுதான் விஷயம்.

சரி, கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்கு என்னவோ கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றியது, வங்காள கிரிக்கெட் சங்கம் போட்டது. ஆனால் நீதிபதி பி.பி.சாவந்த் அமர்வு சொன்ன வார்த்தை கிரிக்கெட்டைத் தாண்டிப் போனது. அலைவரிசை என்பது பொதுச்சொத்து, அரசின் சொத்து அல்ல என்றது. 'ஆகாசவாணி தவிர வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது' என்றிருந்த காலம் அங்கேதான் ஆட்டம் காண ஆரம்பித்தது.

அதற்குப் பிறகும் எல்லாம் ஆமை வேகம்தான். 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று முடிவெடுத்தார்கள். 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்எம் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் கேம்பஸ் சமுதாய வானொலி என்ற பெருமை சென்னைக்குத்தான். 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008 அக்டோபரில், அன்றைய ஆந்திராவில் இருந்த மச்னூர் கிராமத்தில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியபோது, அதைத் தொடங்கி வைத்தவர் யார் தெரியுமா? அதே நீதிபதி சாவந்த். சினிமாவில் வைத்தால்கூட 'ரொம்ப ஓவர்' என்று சொல்லியிருப்பார்கள்.

ஆனால் கதவைத் திறந்தவர்கள் வாசலிலேயே ஒரு கயிற்றையும் கட்டிவிட்டார்கள். செய்தி, நடப்பு விவகாரம், அரசியல் தன்மை கொண்ட நிகழ்ச்சி எதுவும் கூடாது. செய்தி வேண்டுமென்றால் அகில இந்திய வானொலி வாசிப்பதை அப்படியே எடுத்துப் போடலாம் என்று பிற்பாடு ஒரு சலுகை. அதாவது டெல்லியில் நடந்ததை டெல்லி சொன்னபடி சொல்லலாம். தெருமுனையில் நடந்ததைத் தானே போய்ப் பார்த்துச் சொல்லக் கூடாது. இதற்குப் பெயர் 'சமுதாய' வானொலி!

இத்தனைக்கும் இவை என்ன பெரிய ராட்சசக் கருவிகளா? 100 வாட் சக்தி, 30 மீட்டர் உயர ஆண்டெனா. சுற்றுவட்டாரம் பத்து கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தாலே பெரிய விஷயம். பத்து கிலோமீட்டருக்குள் மட்டும் கேட்கிற ஒரு பெட்டி, அந்தப் பத்து கிலோமீட்டரில் நடந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசலாம். இந்த விதியை எழுதியவர் நிச்சயம் நகைச்சுவை உணர்வு உள்ளவராகத்தான் இருந்திருப்பார்.

"அப்படியெல்லாம் ஒரேயடியாகத் தடை இல்லையே, விதிவிலக்கு இருக்கிறதே" என்று சிலர் வருவார்கள். இருக்கிறது. போக்குவரத்து, வானிலை, உள்ளூர் விளையாட்டு, திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை இவையெல்லாம் செய்தி ஆகாது, சொல்லலாம் என்று ஒரு பட்டியல் உண்டு. நல்ல பட்டியல்தான். ஆனால் மின்சாரம், குடிநீர் மாதிரியான அறிவிப்புகளுக்கு ஒரு வால் இருக்கிறது: உள்ளூர் நிர்வாகம் கொடுத்தபடி! விஷயமே அந்த வாலில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் காலனியில் எட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. நகராட்சி ஒரு தாள் அனுப்புகிறது: "குழாய்ப் பராமரிப்புப் பணி காரணமாகக் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது." இதை வானொலியில் வாசிக்கலாம், ஒரு நாளைக்கு நாலு தடவை கூட வாசிக்கலாம். ஒரு மாணவி ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அந்தக் காலனிக்கே போகிறாள். அங்கே பராமரிப்பும் நடக்கவில்லை, பணியும் நடக்கவில்லை, லாரித் தண்ணீர் ஒரு குடம் இவ்வளவு என்று விற்பனைதான் நடக்கிறது. இதை ஒலிபரப்பலாமா? மூச்! அது நடப்பு விவகாரம். கவுன்சிலர் பெயரைச் சொன்னால் அரசியல். நிலையப் பொறுப்பாளருக்கு வியர்த்துவிடும்.

ஆக, விதி அனுமதிப்பது தகவலை அல்ல, அறிவிப்பை. அறிவிப்பு என்றால் மேலேயிருந்து கீழே வருவது. ஊர்ச் செய்தி என்றால் கீழேயிருந்து மேலே போவது. தண்டோரா போடுபவனுக்கு ஒரு மைக் வாங்கிக் கொடுத்துவிட்டு அதற்கு வானொலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராஜா காலத்து தண்டோராக்காரனுக்குக்கூட முரசைக் கீழே வைத்த பிறகு டீக்கடையில் உண்மையைப் பேசும் சுதந்திரம் இருந்திருக்கும்.

இதனால் கெட்டுப்போவது நேயர்கள் மட்டுமல்ல, அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளும்தான். பத்தொன்பது, இருபது வயதில் ஒருவர் ஒரு நிலையத்துக்குள் வருகிறார். குரல் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, கேள்வி கேட்கும் வாயும் இருக்கிறது. அவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்கப்படுவது எது? எப்படிக் கேட்பது என்பதில்லை. எதைக் கேட்கக் கூடாது என்பது. நேரலையில் ஒரு நேயர் "எங்க தெரு விளக்கு ஆறு மாசமா எரியலைங்க" என்றதும், "அப்படிங்களா அக்கா, சரி, உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?" என்று வழுக்கிக்கொண்டு ஓடுவதுதான் திறமை என்று பழக்கப்படுகிறார். நாளடைவில் யாரும் சொல்லவேண்டிய தேவையே இருக்காது. கத்தரிக்கோல் மண்டைக்குள்ளேயே முளைத்துவிடும். விதி நூறு வாட்டுக்குத்தான், ஆனால் அந்தப் பழக்கம் ஆயுசுக்கும் கூட வரும். பத்து வருஷம் கழித்து எலுமிச்சம்பழம் மட்டும் ஞாபகத்தில் நிற்பதன் ரகசியம் இதுதான்.

அரசுத் தரப்பு என்ன சொல்கிறது? 2013ல் காமன் காஸ் என்ற அமைப்பு இந்தத் தடையை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதில் மத்திய அரசின் பதில் ஏறக்குறைய இதுதான்: ஒவ்வொரு நிலையத்தின் செய்தியையும் கண்காணிக்க ஏற்பாடு இல்லை, பாதுகாப்புக்கு ஆபத்து வரலாம்.

அடடா! இந்த வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று. சமுதாய வானொலி உரிமம் என்ன மளிகைக்கடையில் கிடைக்கிற சமாச்சாரமா? தனியார் அமைப்பு விண்ணப்பித்தால் உள்துறை, பாதுகாப்புத் துறை என்று அத்தனை வாசலிலும் அனுமதி வாங்கவேண்டும். அரசியல் கட்சிகளோ அவற்றின் மாணவர் அணி, மகளிர் அணிகளோ விண்ணப்பிக்கவே முடியாது. இவ்வளவு வடிகட்டிய பிறகும் நம்பிக்கை இல்லையென்றால், வடிகட்டியில்தான் ஓட்டை.

இரண்டு. ஒலிபரப்பிய எல்லா நிகழ்ச்சிகளையும் மூன்று மாதம் பதிவு செய்து வைத்திருக்கவேண்டும் என்பது ஏற்கனவே இருக்கும் விதி. புகார் வந்தால் கேட்டுப் பார்க்கலாம். கண்காணிக்க ஏற்பாடு இல்லை என்பது எப்படி?

மூன்று. தொலைக்காட்சியில் நூற்றுக்கணக்கான செய்திச் சேனல்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பத்துப் பேரைக் கட்டங்களுக்குள் உட்காரவைத்து நாடு முழுக்கக் கேட்கும்படி குடுமிப்பிடிச் சண்டை நடத்தலாம். அதனால் வராத ஆபத்து, பத்து கிலோமீட்டர் வானொலியில் "ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை" என்று சொன்னால் வந்துவிடுமா?

நான்கு. இது அரசின் சொந்த நிபுணர் அமைப்பே ஒத்துக்கொள்ளாத வாதம். தனியார் பண்பலைகளுக்கு மணிக்கு 10 நிமிஷம் செய்தி அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் டிராய் பரிந்துரை செய்தது. சரி, அடுத்த சில மாதத்தில் என்ன நடந்தது? 2024 பிப்ரவரியில், அதே அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த சமுதாய வானொலி மாநாட்டின்போது திருத்திய விதிகள் வந்தன. விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிஷத்திலிருந்து 12 நிமிஷமாக உயர்ந்தது. பத்து விநாடி விளம்பரக் கட்டணம் 52 ரூபாயிலிருந்து 74 ரூபாய் ஆனது. நல்லது, நிலையங்களுக்குக் கரண்டு பில் கட்டவாவது உதவும். ஆனால் சொந்தச் செய்திக்கு? பூஜ்யம். மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் விற்கலாம், ஒரு நிமிஷம்கூடச் சொல்ல முடியாது.

இப்போது பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்போம். நேபாளத்தில் ரேடியோ சாகர்மாதா 1997லேயே வந்துவிட்டது. தெற்காசியாவின் முதல் சுதந்திர சமுதாய வானொலி என்று சொல்வார்கள். அதைப் பார்த்து ஊர் ஊராக நிலையங்கள் முளைத்தன, செய்தியும் வாசித்தன. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு செய்த முதல் காரியங்களில் ஒன்று, எஃப்எம் நிலையங்களில் செய்திக்குத் தடை. வானொலிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பாட்டுக்குத் தடை இல்லையே என்று செய்தியை மெட்டுப்போட்டுப் பாடினார்கள். தெருவில் நின்று கூட்டத்துக்குச் செய்தி வாசித்தார்கள். நீதிமன்றத்துக்குப் போனார்கள், அதே ஆண்டில் இடைக்கால உத்தரவும் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு மன்னரின் நேரடி ஆட்சியே போய்விட்டது.

ஆக, ஒரு மன்னர் சர்வாதிகாரம் செய்ய முடிவெடுத்த நாளில் கொண்டுவந்த தடை, உலகின் மிகப்பெரிய ஜனநாயகத்தில் சாதாரண செவ்வாய்க்கிழமையின் விதி. அங்கே வெகுண்டு எழுந்தார்கள். இங்கே ஜிங்கிள் போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறார்கள்.

நேபாளம் தூரம் என்றால் பாம்பனுக்கு வாருங்கள். அங்கே 2016 முதல் கடல் ஓசை 90.4 என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி. காற்று, அலை, மீன்வளம், மீனவர் பாட்டு என்று கடலுக்குப் போகிறவர்களின் வாழ்க்கையைப் பேசுகிற நிலையம். அருமையான முயற்சி. ஆனால் அந்தக் கடற்கரையிலிருந்து போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், கரையில் நிற்கும் மனைவியிடம் மைக்கை நீட்டி என்ன நடந்தது என்று சொந்தமாகச் செய்தி சொல்ல, விதிப்படி பாம்பன் வானொலிக்கே இடமில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சக்தி, சூரியன் போன்ற தனியார் தமிழ் வானொலிகள் செய்தி வாசிக்கின்றன. கூப்பிடு தூரத்தில் இரண்டு கரை. ஒரே மொழி, ஒரே காற்று. ஒரு கரை பேசலாம், மறு கரை வானிலை மட்டும் சொல்லலாம். என்ன கொடுமை இது!

உள்ளூர் விஷயம் பேசும் வானொலி என்ன செய்யும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததும் அல்ல. 1960களில் தஞ்சாவூர் டெல்டாவில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளால் அதற்கு ஊர்மக்கள் வைத்த பெயரே 'ரேடியோ நெல்'. எந்த வயலுக்கு எந்த நாளில் என்ன செய்யவேண்டும் என்று அந்த மண்ணுக்கு ஏற்றபடி பேசினார்கள், விவசாயி நம்பினார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடலூர் மூழ்கியபோது, மாவட்ட நிர்வாகமே 107.8ல் பேரிடர்க்கால வானொலி நடத்தியது. வெள்ளம் வந்தால் மட்டும் ஊர் வானொலி வேண்டும். வெள்ளம் வடிந்ததும், 'வாய்க்காலை யார் தூர் வாரவில்லை?' என்று கேட்கப்போகும்போது மட்டும் அதே மைக் ஆபத்தானது!

சரி, எதிர்த்தரப்பில் நேர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. ருவாண்டா. 1994 இனப்படுகொலையில் ஆர்டிஎல்எம் என்ற வானொலி கொலைவெறியைத் தூண்டியது உண்மை. சாதிச் சண்டைக்குப் பஞ்சமில்லாத ஊர்களில் ஒரு நிலையம் தவறான கையில் போனால் என்ன ஆகும்? நியாயமான பயம்.

ஆனால் அந்த வானொலியின் கதையை முழுதாகப் படிக்கவேண்டும். அது கவனிப்பாரில்லாத மாணவர் நிலையம் அல்ல. ஆட்சியில் இருந்தவர்களின் ஆதரவோடு நடந்த நிலையம். செய்தித் தடை அதை நிறுத்தியிருக்காது, அது பாட்டும் அரட்டையும் நையாண்டியும் கலந்துதான் விஷத்தைப் பரப்பியது. வெறுப்பைத் தடுக்க வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டம் வேண்டும். அது இங்கே இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 153ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 196. குற்றம் செய்தவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கும்போது, எல்லார் வாயிலும் பிளாஸ்திரி ஒட்டுவது ஏன்? போதாததற்கு, வாட்ஸப்பில் ஒரு வதந்தி கிளம்பி ஊர் கொதிக்கும் ராத்திரியில், "அப்படி எதுவும் நடக்கவில்லை, இப்போதுதான் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்" என்று ஊருக்குத் தெரிந்த குரலில் சொல்ல ஒரு நிலையம் இருந்தால் எவ்வளவு நல்லது! அந்த நம்பிக்கையை வதந்தி கிளம்பிய அன்றைக்கு ராத்திரி சம்பாதிக்க முடியாது. தினம் தினம் உண்மையைச் சொல்லித்தான் சம்பாதிக்கவேண்டும்.

"அதான் யூடியூப் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு ரேடியோ?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். நல்ல கேள்வி, ஆனால் அது தடைக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. ஒரு மாணவி தன் செல்போனில் அந்தக் காலனித் தண்ணீர்க் கதையைப் படம் பிடித்து உலகம் முழுக்கப் போடலாம். அதே கதையை அதே வாயால் பத்து கிலோமீட்டருக்குள் மட்டும் கேட்கும்படி சொன்னால் விதி மீறல். இதில் என்ன தர்க்கம் இருக்கிறது? அப்புறம், தறி ஓட்டுகிறவருக்கும், வலை பின்னுகிறவருக்கும், அடுப்படியில் நிற்கிறவருக்கும் கண்ணும் கையும் வேலையில் இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. டேட்டா கார்டு போடாமல், சந்தா கட்டாமல் அந்தக் காதுக்குப் போய்ச் சேர்வது வானொலி ஒன்றுதான்.

கேட்பது ஒன்றும் வானத்தை வில்லாக வளைப்பதல்ல. தனியார் பண்பலைக்கு டிராய் சொன்ன அதே மணிக்குப் பத்து நிமிஷம். அதைச் சமுதாய வானொலிக்கும் கொடுங்கள். மூன்று மாதப் பதிவு விதி அப்படியே இருக்கட்டும். இரு தரப்பையும் கேட்கவேண்டும், தப்பு செய்தால் அதே நேரத்தில் திருத்தம் வாசிக்கவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கல்லூரிகளில் இதழியல் துறை என்று ஒன்று இருக்கிறதே, அங்கே சொல்லிக்கொடுப்பதைச் செய்துபார்க்க ஒரு இடம் கிடைக்கட்டும். தப்பும் தவறுமாக ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டுமே! எந்த நிருபர் அம்மா வயிற்றிலிருந்தே எழுதிப் பழகி வந்தார்?

1995ல் அலைவரிசை பொதுச்சொத்து என்று நீதிமன்றம் சொன்னது. சொத்து மக்களுடையது, சாவி மட்டும் டெல்லியில் என்றால் அது என்ன சொத்து? இன்றைக்கும் ஏதோ ஒரு கல்லூரி ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரு அக்கா போன் செய்து தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் இருக்கும் பையனோ பெண்ணோ என்ன பாட்டு வேண்டும் என்று கேட்காமல், "எந்தத் தெருங்க? எத்தனை மாசமா? யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்கும் நாளில்தான் அது ஊர் வானொலி. அதுவரைக்கும் அது ஊருக்குள் இருக்கும் வானொலி, அவ்வளவுதான்.

பி.கு: 2006 மார்ச்சில் பீகாரின் மன்சூர்பூரில், ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் உரிமம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ராகவ் எஃப்எம்மை அதிகாரிகள் மூடினார்கள். சொற்பக் காசில் தானே செய்த டிரான்ஸ்மிட்டர். பாட்டோடு கூட காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பும் ஊர்த் தகவலும் சொல்லிக்கொண்டிருந்த கடை. உரிமம் இல்லாத கடைக்குத் தெரிந்திருந்தது, ஊர் வானொலி எதற்கு என்று. உரிமம் கொடுக்கிறவர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.